தேயிலை கட்டிய வரி



யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அவருடைய பெயர் இந்தச் சிறுநூலின் முகப்பிலேயே இருக்கிறது. ஆயுள் முழுக்க ஆசிரியராக வாழ்ந்தவர். தம்மைப் புகழ்வது அவருக்குப் பிடிக்காது என்று வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்லது, நேரே பொருளுக்கு வருகிறேன்.

இலங்கையில் சோசலிசமா முதலாளித்துவமா என்ற வழக்கு சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது, இன்னும் தீரவில்லை. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மாணவர்கள் வீதிக்கு வந்தபோது அதைத்தான் வாதிட்டோம். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டும் அதைத்தான் வாதிட்டோம். அரசாங்கம் தரவேண்டும் என்பார் ஒருவர். தந்து தந்துதான் நாடு கெட்டது என்பார் அடுத்தவர். அரசாங்கத்துக்கு யார் தருகிறார்கள் என்று இருவரும் கேட்பதில்லை. கேட்டால் இருவருக்குமே சங்கடம். என் பேச்சு முழுவதும் அந்தச் சங்கடத்தைப் பற்றியது. நம்முடைய இலவசக் கல்விக்கும் இலவச வைத்தியத்துக்கும் கூப்பன் அரிசிக்கும் முதல் முப்பது வருடமும் பெரும்பங்கு பணம் கட்டியது மலைநாடு. கட்டியவர்களின் வாசலுக்கு அந்தச் சேவைகள் கடைசியாகத்தான் வந்தன, சில இன்னும் வந்து சேரவில்லை.

இலவசக் கல்வியைச் சோசலிஸ்டுகளின் சாதனை என்று நினைப்பவர் பலர். இடதுசாரிகள் அதை ஆதரித்தார்கள், உண்மைதான். ஆனால் அதைக் கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர சோசலிஸ்ட் அல்லர். பின்னாளில் ஐக்கிய தேசியக் கட்சியில் நாடாளுமன்றம் போனவர். 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆசியாவில் அப்படிக் கிடைத்த முதல் நாடு இலங்கை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்களே அதை எதிர்த்தார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வாக்கு வந்த அடுத்த வருடமே, 1932இல், வருமானவரிச் சட்டமும் வந்தது. ஏழைக்கு வாக்கு இருந்தால் அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கேட்பான், கேட்டால் கொடுத்தாக வேண்டும். கன்னங்கரவின் குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்றாயிற்று. அதற்கு நன்றியாக மத்துகம வாக்காளர்கள் 1947 தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள்!

சுகாதாரத்திலும் இதே கதைதான். 1934–35இல் மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அந்த அடிக்குப் பிறகு கிராமம் கிராமமாக வைத்தியசாலைகள் எழுந்தன. 1946இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 141 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1950இல் அந்த எண் 82. அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் பெரிய காணிக்காரர்கள், வலதுசாரிகள். அமர்த்தியா சென் போன்ற பொருளியலாளர்கள் வறிய நாடும் மக்களின் ஆயுளை நீட்டலாம் என்பதற்கு இலங்கையைச் சான்றாகக் காட்டியது இந்த வரலாற்றை வைத்துத்தான்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது?

சுதந்திரம் வந்தபோது நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றிலிருந்தே வந்தது. அரசாங்க வருமானத்தின் பெரும்பகுதி துறைமுகத்தில் வசூலானது: போகும் தேயிலைக்கு இறாத்தல் கணக்கில் ஏற்றுமதித் தீர்வை, வரும் பொருளுக்கு இறக்குமதித் தீர்வை. வருமானவரி கட்டியவர்கள் ஒரு சிறு கூட்டம். உலகச் சந்தையில் தேயிலை விலையை நாம் தீர்மானிப்பதில்லை. ஆகவே தீர்வையை வாங்குபவன் தலையில் கட்ட முடியாது, அது தோட்டத்துக்குள்ளேயிருந்துதான் வரவேண்டும். கம்பனியின் இலாபத்திலிருந்து வரலாம், கொழுந்து பறிப்பவளின் சம்பளத்திலிருந்தும் வரலாம்.

தீர்வையை விட நுட்பமான வழியும் ஒன்று இருந்தது. 1968இல் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் நாணயத்துக்கு இரண்டு மாற்றுவீதங்களை வைத்தது. புதிய ஏற்றுமதிக்காரர் கொண்டுவரும் டொலருக்குக் கூடுதல் ரூபா. தேயிலை, இறப்பர், தெங்கு கொண்டுவரும் டொலருக்குப் பழைய குறைந்த ரூபா. வரி என்று எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் அது வரிதான். அடுத்து வந்த இடதுசாரிக் கூட்டணி அரசாங்கமும் அதை விடவில்லை, 1977 வரை வைத்திருந்தது. இந்த ஒரு விசயத்தில் வலதும் இடதும் ஒற்றுமையாகவே இருந்தன.

இங்கே இடதுசாரித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா இருந்திருந்தால் எழுந்து மறுத்திருப்பார். அது வெள்ளைக்காரக் கம்பனியின் இலாபம், அதற்கு வரி போட்டது ஏகாதிபத்தியத்திடமிருந்து மீட்டது என்று சொல்லியிருப்பார். பாதி உண்மை. ஆனால் 1972 காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் லண்டன் பங்குதாரரை வெளியே அனுப்பிவிட்டன. அதற்குப் பிறகும் தேயிலைத் தீர்வை நிற்கவில்லை. பங்குதாரர் இல்லாத தோட்டத்தில் அந்தத் தீர்வையை யார் கட்டினார்கள்? லயத்தில் இருந்த தொழிலாளர்களும், மறுநடுகை இல்லாமல் கிழடான தேயிலைச் செடிகளும்.

இனி, கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1947 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமை போனது, 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 நாடாளுமன்றத்தில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதை வழமையாக இனப்பிரச்சினையின் அத்தியாயமாக மட்டும் படிக்கிறோம். வரவு செலவுத் திட்டத்தின் அத்தியாயமாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. வாக்கில்லாத ஒரு கூட்டத்தின் உழைப்பிலிருந்து வாக்குள்ளவர்களுக்குச் சேவை செய்வதைப் போல வசதியான அரசியல் ஒரு நிதியமைச்சருக்கு வேறு கிடைக்காது.

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். கன்னங்கர மத்திய மகாவித்தியாலயங்களைத் திறந்துகொண்டிருந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு இருந்தது துரையின் பொறுப்பிலிருந்த தோட்டப் பள்ளிக்கூடம். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகளைத் தொடவில்லை. 1970களில்தான் கட்டங்கட்டமாக எடுக்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட ஒரு தலைமுறை இடைவெளி. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எத்தனை டொக்டர்கள், எஞ்சினியர்கள், கணக்காளர்கள் இலவசமாகப் படித்து வெளியேறினார்கள் என்பது இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையகத்தின் கணக்கில் நாமும் கடன்காரர்கள்தான். இந்தப் பங்கைச் சிங்கள அரசியல்வாதியின் தலையில் மட்டும் எழுதிவிட முடியாது.

கூப்பன் அரிசி மட்டும் தோட்டத்துக்கும் வந்தது. யுத்தகாலத்தில் தொடங்கிய பங்கீடு அது. 1953இல் கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை விழுந்து, உலகில் அரிசி விலை ஏறியபோது, நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன கொத்து 25 சதம் விற்ற அரிசியை 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலில் மேல் மாகாணமும் தென் மாகாணக் கரையோரமும் கொந்தளித்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அன்றிலிருந்து அரிசியைத் தொட எல்லாக் கட்சிக்கும் பயம். அரிசிக்குப் பதிலாக வேறு எதைத் தொடுவது என்று யோசித்தார்களே தவிர, வசதியானவனின் சொத்தைத் தொடுவோம் என்று யாரும் நீண்டநாள் யோசிக்கவில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் வந்து, பணக்காரனின் செலவுக்கு வரி போடுங்கள் என்றார். இந்தியாவில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி போட்டுப் பார்த்த அதே வரி. 1959இல் இங்கும் போட்டோம். சில வருடங்களில் கைவிட்டோம்.

1970இல் இரண்டு கொத்து அரிசி என்ற வாக்குறுதியோடு சிறிமாவோ பண்டாரநாயக்க வென்றார். என். எம். மீண்டும் நிதியமைச்சர், கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டத்துறை அமைச்சர். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நெஞ்சை நிமிர்த்திப் பேசிய இருவரும் இவர்கள்தான். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்தானபோது என். எம். அந்த அமைச்சரவையில் இருந்தார் என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறிய 1973–74இல் பங்கீடு சுருங்கியது. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலாவது, ஒரு பலாமரமாவது இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்குக் கொத்திப் பயிரிட நிலமில்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் சடாரென்று ஏறியது. சோசலிச அரசாங்கத்தின் காலத்தில், அரசுடைமையாகிக்கொண்டிருந்த தோட்டங்களில், மக்கள் பட்டினியால் செத்தார்கள். இதை இடதுசாரி நண்பர்களிடம் சொன்னால் உலக நெருக்கடி என்பார்கள். உலக நெருக்கடி பணக்காரர் வாழும் கொழும்பு ஏழுக்கும் வந்ததுதானே?

வலதுசாரி நண்பர்களும் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் சிறு கட்டணம் போட்டது 1971இல் இடதுசாரிகள் இருந்த அரசாங்கம், 1977இல் அதை எடுத்தது ஜே. ஆர். கொடிகளை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். அதே ஜே. ஆர். 1979இல் பங்கீட்டை நிறுத்தி உணவு முத்திரை கொடுத்தார். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு மாத வருமானம் 300 ரூபாவுக்குக் கீழே இருக்க வேண்டும். வருமானத்தை மறைக்க முடிந்தவன் மறைத்தான். தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ செக்றோல் பதிவேட்டில் சதக் கணக்கில் எழுதியிருக்கிறது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை மூவருக்கும் பேர் விழுந்தால் எல்லை தாண்டிவிடும். பலருக்கு முத்திரை கிடைக்கவில்லை. முத்திரையின் பெறுமதியையும் விலைவாசி தின்றுவிட்டது.

1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. வரியின் பாரமும் இடம் மாறியது. ஏற்றுமதித் தீர்வை மறைய, 1998இல் பொருட்கள் சேவைகள் வரியும் 2002இல் வற் வரியும் வந்தன. இப்போது மலைநாடு மட்டும் கட்டவில்லை, சீனி வாங்குகிற எல்லாரும் கட்டுகிறோம். பல வருடங்களாக நூறு ரூபா வரியில் எண்பது ரூபா அளவு இப்படி மறைமுகமாகவே வந்தது. இலவசம் வாங்கித் தின்கிறார்கள் என்று ஏழையைத் திட்டுகிறவர் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். அந்த ஏழை பல்பொடிக்கும் போன் ரீலோடுக்கும் வரி கட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்.

2019 டிசம்பரில் நடந்தது இன்னும் ஆறாத புண். வற் வரி 15இலிருந்து 8 வீதமானது. வருமானவரிக்கான எல்லை வருடத்துக்கு 30 லட்சமாக உயர்ந்தது. சம்பளத்தில் வரி கழிப்பது கட்டாயமில்லை என்றாயிற்று. அரசாங்க வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எட்டு வீதம் சொச்சத்துக்கு விழுந்தது. கோவிட்டும் கடனும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதென்று அறிவித்தோம். அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதமளவு. வசதியானவர்களுக்குத் தள்ளுபடி செய்த வரியைப் பாண் விலையில் எல்லாரும் கட்டி முடித்தோம். 2024 ஜனவரியில் வற் 18 வீதம்.

இலவசக் கல்வியையும் வைத்தியத்தையும் குறைக்கச் சொல்லி நான் வரவில்லை. அவற்றைப் போல இந்த நாடு செய்த நல்ல காரியம் வேறில்லை. ஆனால் அதைக் காப்பாற்றுவோம் என்று கோஷம் போடுகிறவர்கள் நேர்வரியைப் பற்றிப் பேசாவிட்டால் அந்தக் கோஷத்துக்கு அர்த்தமில்லை. காணி, வீடு, பெரிய வருமானம், இவற்றிலிருந்து வரும் பங்கு ஏறவேண்டும். பரீட்சைக்கு ரியூசன் இல்லாமல் முடியாது என்ற நிலையில், அந்த இலவசக் கல்வியும் பாதி தனியாராகிவிட்டது என்பது பெற்றோருக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தச் சபைகளுக்குத் தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், ஆனால் அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதையைச் சபை போட முடியாதிருந்தது. சட்டம் திருந்த 2018 வரை முப்பத்தொரு வருடம் பிடித்தது. இங்கே நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஊர் திரும்பியதும் உங்கள் சபை உறுப்பினரைப் பிடித்து, திருத்தம் வந்த பிறகு எந்தத் தோட்டத்தில் எந்தப் பாதைக்கு, எந்தக் குடிநீருக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.