குழந்தையின் அறிவை வளர்ப்பது பாடமா? விளையாட்டா? - ‘விளையாட்டே!’

நடுவர் அவர்களே, பாடப் புத்தகமும் பிரம்புமாக எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர், “விளையாட்டு வயிற்றை நிரப்புமா?” என்று கேட்டார். ஐயா, நாலு வயசுப் பிள்ளைக்கு வயிற்றை நிரப்ப அம்மா இருக்காங்க. மூளையை நிரப்பத்தான் விளையாட்டு வேணும்! (கைதட்டல்)

என் வீட்டுக் கதையையே சொல்றேன். என் மகளுக்கு அப்போ நாலு வயசு. ஒரு ராத்திரி கரண்ட் போயிடுச்சு. எங்க அம்மா அவளை மடியில போட்டுக்கிட்டு, “பட்டம்”னு ஆரம்பிச்சாங்க. இவ “வட்டம்”னா. “கட்டம்”, “சட்டம்”னு போய்க்கிட்டே இருந்தது. வார்த்தை தீர்ந்துபோச்சு. இவ சட்டுனு “யட்டம்!” என்றாள். நான் உடனே, “தப்பு! அப்படி ஒரு வார்த்தையே கிடையாது” என்றேன். பிள்ளை முகம் சுருங்கிப்போச்சு. வாயே திறக்கலை.

எங்க அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? அவ காதுகிட்ட போய், “யட்டம்னா என்னடி கண்ணு? பறக்குமா, நடக்குமா?”ன்னாங்க. “பறக்கும் பாட்டி! கரண்ட் போன வீட்டுக்கு மட்டும் வரும்!” அப்புறம், “கரண்ட் எங்க போச்சு? இருட்டு எங்கிருந்து வருது?” அரை மணி நேரம் கேள்வியான கேள்வி!

நடுவர் அவர்களே, நான் பட்டம் வாங்கினவன். எங்க அம்மா “பட்டம்”னு சொல்லிக்கொடுத்தவங்க. பிள்ளையோட வாயை மூடினது படிச்ச நான். திறந்தது படிக்காத அவங்க! (பலத்த கைதட்டல்)

“இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு” என்பார்கள் எதிரணியினர். 1983-இல் இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரயன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாலைந்து வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரிடம் சில சொற்களைச் சொல்லி, ஓசை ஒத்துவராத சொல் எது என்று கேட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அதைச் சரியாகக் கண்டுபிடித்த பிள்ளைகளே பெரும்பாலும் வாசிப்பதிலும் முன்னே நின்றார்கள். ஏன்? சொல்லைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த காதுக்கு எழுத்து சுலபமாகப் பிடிபடும்.

முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யப்போகிற இலக்கணத்தை, பாட்டி மடியிலேயே விளையாடி முடிச்சிடுது பிள்ளை! குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா வங்கியில் கணக்குப் பார்த்தவர். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுத்தது கணக்கையா? சந்தத்தை! 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையே தொடங்கினார்.

தாய்மார்களே, இதுக்குக் காசு வேண்டாம். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது அஞ்சு நிமிஷம் போதும். இல்லாத வார்த்தையைப் பிள்ளை சொன்னால், “தப்பு”ங்காதீங்க. “அப்படின்னா என்ன?”ன்னு கேளுங்க. அன்னிக்கு எங்க அம்மா பக்கத்துல இல்லேன்னா, என் மகளோட அத்தனை கேள்வியும் அந்த இருட்டிலேயே போயிருக்கும்.

ஆகவே நடுவர் அவர்களே, பிள்ளையின் வாயைத் திறக்கும் விளையாட்டுக்கே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.