தெரிந்த வளையை மறைத்தால் ஊரே மூழ்கும்

(தொழிலாளர் வகுப்பு ஒன்றில் பேசியதன் சுருக்கம்)

கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்பது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். மில் தொழிலாளியின் சம்பளம் பாங்கிக் கணக்கில் ஏறுகிறது. பிராவிடண்ட் பண்டு கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிறோம். இந்தக் கணக்குகள் முடங்கினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது? ஆகவே நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரை நடத்துவது மென்பொருள். அது மனிதர் எழுதிய கட்டளைகளின் கோவை. லட்சக்கணக்கான வரிகளில் எங்காவது பிழை இருந்தே தீரும். அந்தப் பிழையின் வழியே அந்நியன் உள்ளே புக முடியுமானால் அதைப் பலவீனம் என்கிறார்கள். வரப்பில் உள்ள நண்டு வளை போன்றது அது. மேலே பார்த்தால் வரப்பு உறுதியாகத்தான் தெரியும். தண்ணீர் ஏறும்போதுதான் உடைப்பெடுக்கும்.

எந்த வளை எங்கே இருக்கிறது, அதன் வழியே எவன் வருகிறான், எப்படி வருகிறான் என்று முன்கூட்டியே அறிந்து, காப்பவனுக்குச் சொல்வது அபாயத் தகவல். மேல் மடையில் வெள்ளம் வருகிறதென்று கீழ் மடைக்கு ஆள் அனுப்புகிறோமே, அதே வேலைதான்.

இந்த இரண்டும் தவறினால் என்ன ஆகும்? 2017-ல் உலகம் பார்த்தது.

மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் மென்பொருளில் ஒரு வளை இருந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி என்ற உளவு ஸ்தாபனம் அதைக் கண்டுபிடித்தது. கண்டதும் கம்பெனிக்குச் சொன்னதா? இல்லை. பிறர் கம்ப்யூட்டரில் புகும் ஆயுதமாக அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. அந்த ஆயுதம் களவு போயிற்று. 2017 மார்ச் 14-ல் மைக்ரோசாப்ட் வளையை அடைக்கும் ஒட்டை வெளியிட்டது. ஏப்ரல் 14-ல் ‘நிழல் தரகர்கள்’ என்ற பெயரில் ஒரு கும்பல் களவுபோன ஆயுதத்தை உலகறிய வெளியிட்டது. மே 12-ல் வானாக்ரை என்ற புழு கிளம்பியது.

யாரும் எதையும் தொடவேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குத் தானே பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடு, திறக்கிறேன் என்றது. 150 நாடுகளில் 2 லட்சம் கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரான்சின் ரெனோ மோட்டார் ஆலைகள் சிலவற்றில் உற்பத்தி நின்றது. பிரிட்டனில் இங்கிலாந்துப் பகுதியின் 236 பொது ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 சிகிச்சை நியமனங்கள் ரத்தாயின. சில ஆஸ்பத்திரிகள் அவசர நோயாளிகளையே வேறிடம் அனுப்பின.

ஏவியவர்கள் வட கொரியாவின் ஆட்கள் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின; அந்நாடு மறுத்தது. ஏவியவன் எவனாயினும், வளையை மறைத்து வைத்தவன் பொறுப்பு நீங்கிவிடாது. மைக்ரோசாப்ட் கம்பெனியே அன்று இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒட்டு வந்து 2 மாதமாகியும் ஆஸ்பத்திரிகள் ஏன் போடவில்லை? தகவல் போகவில்லையா? போயிற்று. மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே எச்சரிக்கை அனுப்பப்பட்டது. ஆனால் அதன்படி வேலை நடந்ததா என்று சரிபார்க்க இலாகாவிடம் முறையான ஏற்பாடே இல்லை என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது. சில ஸ்கேன் யந்திரங்கள் பழைய விண்டோஸில் ஓடின. ஆஸ்பத்திரியார் தாமே அவற்றில் கைவைக்க முடியாதபடி பராமரிப்பு விற்ற கம்பெனிகளின் கையில் இருந்தது. தண்டோரா போட்டாயிற்று, மண்வெட்டியோடு கரைக்குப் போக ஆள் இல்லை!

புழுவை நிறுத்தியது யார்? மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர். புழுவைப் பிரித்துப் படித்தார். பதிவாகாத ஓர் இணைய முகவரியை அது தேடுவதைக் கண்டார். சில டாலர் செலவில் அந்த முகவரியைப் பதிவு செய்தார். முகவரி கிடைத்ததும் புழு பரவுவதை விட்டது. தகவல் சேகரித்து ஆராய்வதன் பலன் இதுதான்.

தோழர்களே! இந்தியாவிலும் 2004 முதல் செர்ட்-இன் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனம் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. வெளியிட்டால் மட்டும் போதாது. உங்கள் ஆலை ஆபீஸில் அதைப் படிப்பவர் யார்? ஒட்டுப் போட அவருக்கு நேரமும் பணமும் கொடுத்திருக்கிறார்களா? சம்பளக் கணக்கின் நகல் தனியே பத்திரமாக இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளையும் சங்கம் நிர்வாகத்திடம் கேட்கவேண்டும். உடைப்பு ஏற்பட்ட பிறகு குமாஸ்தாவின் தலையில் பழியைப் போட விடக்கூடாது.

உங்கள் செல்போனிலும் ‘அப்டேட்’ என்று செய்தி வரும். போனின் செட்டிங்ஸ் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். அங்கே இருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே போட்டுவிடுங்கள். யாரோ அனுப்பும் இணைப்பைத் தொட்டுப் போடாதீர்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கற்றுக்கொண்டவர் மற்ற நால்வருக்குச் சொல்லிக்கொடுங்கள்.