சோப் வெப் சர்வீஸும் நம் இரு மாவட்டங்களும்
(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சோப்" என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. இது குளிக்கிற சோப்பு இல்லீங்க. ஒரு ஊர்க் கம்ப்யூட்டர், இன்னொரு ஊர்க் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கான ஒரு முறை. 1998-ல் மைக்ரோசாஃப்ட்டைச் சேர்ந்தவர்களும் டான் பாக்ஸ், டேவ் வைனர் போன்றவர்களும் உருவாக்கத் தொடங்கியது. 2003 ஜூனில் அதன் 1.2 பதிப்பை டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்டது. இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜேசன் வழியில் போகிறார்கள். ஆனாலும் வங்கி, இன்சூரன்ஸ், அரசு அலுவலகம் என்று பழைய கணினி அமைப்பு ஓடுகிற இடங்களில் சோப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு அதைப் பராமரிக்கும் பொறுப்பு வந்து சேரலாம். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு சர்வீஸ் எழுதுகிறோம். எண்ணைக் கொடுத்தால் ஒரு விவசாயியின் பெயர், கிராமம், வட்டம், மாவட்டம், நிலப்பரப்பு எல்லாம் வர வேண்டும். சிலர் என்ன செய்வார்கள்? எல்லாவற்றையும் கமா போட்டு ஒரே வரியாக அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவர் கமாவை எண்ணிப் பிரித்துக்கொள்ள வேண்டியது. நாளைக்கு நடுவில் ஒரு விவரம் கூடினால் அவ்வளவுதான்! வட்டம் இருக்கிற இடத்தில் மாவட்டம் வந்து உட்கார்ந்துவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. நம்ம ஊரையே எடுத்துக்கங்க. ஜெயங்கொண்டத்தில் ஒரு பெரியவர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. 1995-க்கு முன் அவர் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம். 2001 ஜனவரி 1-ல் அரியலூர் மாவட்டம். 2002 மார்ச் 31-ல் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பர் 23-லிருந்து மீண்டும் அரியலூர். ஒரு அலுவலகத்தின் பதிவில் பெரம்பலூர் என்றும், இன்னொன்றில் அரியலூர் என்றும் இருந்து, "பொருந்தவில்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? உதவித்தொகைக்காக செந்துறைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

ஆகவே மாவட்டத்தை வெறும் எழுத்தாக அனுப்பாமல், குறியீடு, பெயர், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்று விவரம் கொண்ட ஒரு ஆப்ஜெக்டாக அனுப்புங்கள். விவசாயி என்பது ஒரு ஆப்ஜெக்ட். அதற்குள்ளே மாவட்டம் என்பது இன்னொரு ஆப்ஜெக்ட். நாமே வடிவம் வகுக்கிற இதைத்தான் கஸ்டம் ஆப்ஜெக்ட் என்கிறோம்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று. சோப் என்ற பெயரிலேயே ஆப்ஜெக்ட் இருக்கிறது. ஆனால் கம்பி வழியாக ஆப்ஜெக்ட் போவதில்லை! நிலம் போகாது, சிட்டா நகல்தான் போகும். ஆப்ஜெக்டின் விவரங்கள் மட்டும் எக்ஸ்.எம்.எல். எழுத்தாக மாறிப் போகின்றன. அதன் மெத்தடுகள் சர்வரிலேயே தங்கிவிடும். நகலில் திருத்தினால் நிலம் மாறாது அல்லவா? அதுபோல, வாங்கியவர் தன் பக்கத்தில் மாற்றினால் சர்வரில் எதுவும் மாறாது.

நகலின் வடிவம் என்ன என்று டபிள்யூ.எஸ்.டி.எல். என்ற ஒப்பந்தம் சொல்லும். வாங்குகிறவர் அதைப் படித்துத் தன் பக்கம் ஒரு புராக்ஸி கிளாஸ் உண்டாக்கிக்கொள்கிறார். அதுவும் நம்முடைய கிளாஸும் ஒரே பெயர், ஒரே ஜாடை. ஆனால் ஆள் வேறு. ஒன்றை இன்னொன்றில் நேராகப் போட்டால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. பலர் திகைத்து நிற்பது இங்கேதான். ஒரு விவரமாக எடுத்து மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. டாட் நெட்டின் எக்ஸ்.எம்.எல். சீரியலைசரைச் சொல்கிறேன், ஜாவாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். கிளாஸுக்கு எந்த மதிப்பும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று வேண்டும். பப்ளிக் விவரங்கள் மட்டுமே வெளியே போகும். படிக்க மட்டும் உரிய ப்ராப்பர்ட்டி சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும், எர்ரர்கூட வராது. மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் மறுபடி அதே மாவட்டம் என்று சுற்றவிட்டால் சீரியலைசர் நின்றுவிடும். டிக்ஷனரியை அப்படியே திருப்பினால் ஏற்காது, வரிசையாக்கி அனுப்புங்கள். விவசாயி என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து பிறந்த "குத்தகை விவசாயி"யைத் திருப்பினால், அதையும் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். டேட்டாசெட்டை அப்படியே திருப்புவது சுலபம்தான். ஆனால் எதிர்முனையில் ஜாவா இருந்தால் அவர் பாடு திண்டாட்டம்.

இன்னொன்று. பதில் இல்லை என்பது வேறு, தவறு நடந்தது என்பது வேறு. நிலமே இல்லாதவருக்குப் பூஜ்யமா, வெற்றிடமா? ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். தவறு நடந்தால் சோப் ஃபால்ட் அனுப்புங்கள்; காலி ஆப்ஜெக்ட் அனுப்பி ஏமாற்றாதீர்கள். காலியாக வந்ததை நம்பி, "இப்படி ஒரு ஆளே இல்லை" என்று எதிர்முனை முடிவு கட்டிவிடும்.

ஒருமுறை வெளியிட்ட ஒப்பந்தத்தில் பெயரை மாற்றாதீர்கள். புதிய விவரம் வேண்டுமானால், கட்டாயமில்லாத ஒன்றாகக் கூடுதலாகச் சேருங்கள். நம் மாவட்ட எல்லை பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தது. நாளை வேறு எது மாறும் என்று யார் கண்டது?

தம்பி தங்கைகளே, 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223, தமிழகத்திலேயே குறைவு. அரியலூரில் 7,54,894. சின்ன மாவட்டம் என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். இந்த ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனுஷர், ஒரு மனு, ஒரு காத்திருப்பு இருக்கிறது. நீங்கள் திருப்பி அனுப்பும் ஆப்ஜெக்ட் அவருடைய விவரம். அது முழுசாகப் போய்ச் சேர வேண்டியது உங்கள் பொறுப்பு.