ஒதுக்கி வைத்த மருந்து
(செஞ்சியில் நடந்த கூட்டமைப்பு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஒரு மருந்தின் கதை சொல்றேன். பேர் ஜிடோவுடின். 1964-ல் அமெரிக்காவில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் புற்றுநோய்க்காகச் செய்தார். பலிக்கவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

1986-ல் நம்ம சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். மறுவருஷமே அமெரிக்காவில், ஒதுக்கின அந்த மருந்துதான் எச்.ஐ.வி.க்கு முதல் மருந்தாக அனுமதி பெற்றது. சங்கிலி கோக்கும்போது கொக்கியில்லாத வளையம் ஒன்று நுழைந்தால் மேற்கொண்டு கோக்க முடியாதில்லையா? கிருமி பெருகுவதை அப்படித்தான் அது நிறுத்துகிறது.

1994-ல் வந்த ஆராய்ச்சியில், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது நூற்றுக்கு 25-லிருந்து 8 ஆகக் குறைந்தது. இன்று இன்னும் நல்ல மருந்துகள் ஒரே மாத்திரையில், அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த மாத்திரை சாப்பிடுகிறவள். மூணாம் மாசப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அன்று அழுதேன். ஆனால் ஒருநாளும் மாத்திரையை விட்டதில்லை. என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. அவளுக்குத் தொற்று இல்லை.

குழுவில் சொன்ன அன்று, நீங்க யாரும் எனக்கு டம்ளரைத் தனியாக வைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்: உங்க தெருவில் யார் முழுகாமல் இருந்தாலும், பரிசோதனைக்குத் துணைக்குப் போங்கள்.