செம்பும் மலையும்



நம் இல்லங்களில் நீர் மொள்ளும் கலத்துக்கும் செம்பு என்றே பெயர். அதை வார்த்த உலோகத்துக்கும் செம்பு என்றே பெயர். எவர்சில்வரில் செய்ததையும் இன்று செம்பு என்றுதான் அழைக்கிறோம்! சோழர் காலத் திருமேனிகளில் பெரும்பங்கு செம்பே. ஹவுராவில் மின்சார ரயிலின் மேல் ஓடும் கம்பியும் செம்பே.

இங்கிருந்து நாகபுரி வழியாகச் செல்லும்போது காட்சிலாவைக் கடக்கிறோம். அருகிலுள்ள மௌபண்டாரில் 1930இல் செம்பு உருக்காலை எழுந்தது. அப்பகுதிச் சுரங்கங்கள் நிலத்துக்கு அடியிலே இருப்பதால், ரயிலிலிருந்து பார்ப்போருக்கு மலை மலையாகவே தெரியும். மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மாவட்டத்து மலாஞ்ச்கண்ட் வேறு வகை. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் 1982இல் நிறுவிய அச்சுரங்கத்தில் குன்றையே மேலிருந்து வெட்டி இறங்கினர். நம் ஊர்க் கோயில் குளத்தின் படிக்கட்டை எண்ணிப் பாருங்கள்; ஆனால் ஒரு படியின் உயரமே மாடி வீட்டின் உயரம்!

வெடிவைத்துப் பெயர்த்த தாதுக்கல்லில் செம்பு நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்குதான். கல்லை மாவாக அரைத்து, நீரும் மருந்தும் கலந்து, காற்றூதி நுரைக்கச் செய்வர். செம்புத் துகள் நுரையைப் பற்றி மிதக்கும், மற்றவை தங்கிவிடும். நூறு வண்டிக் கல்லில் ஏறத்தாழ நான்கு வண்டியே உருக்காலைக்குச் செல்லும். எஞ்சிய தொண்ணூற்றாறு? அங்கேயே கிடக்கும். தாதுவில்லாப் பாறையென முன்னரே அகற்றியது தனிக் குன்று. கந்தகம் கலந்த கழிவில் மழையும் காற்றும் பட்டால் அமிலம் ஊறும். சுரங்கம் மூடிய பின்னும் அதைக் காக்க வேண்டும்.

தூத்துக்குடியை எண்ணாமல் தமிழர் செம்பைப் பற்றிப் பேச இயலுமா? அங்கே உருக்கியது கடல் கடந்து வந்த தாது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் மாண்டனர், ஆலை மூடப்பட்டது. செம்பை விற்றுவந்த நாடு, அதன்பின் வெளியிலிருந்து மிகுதியாக வாங்கலாயிற்று. நம் தேவையோ குறையவில்லை.

ஆகவே செம்பே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. அந்தத் தொண்ணூற்றாறு வண்டியைக் காக்கும் செலவும் செம்பின் விலையில் சேரட்டும். மலையடி ஊரார் தலையில் அது விழலாகாது என்கிறோம். வழி இல்லாமலில்லை. மலாஞ்ச்கண்டில் குழி ஆழ்ந்துவிட்டதால், அதன் அடியில் நிலத்தடிச் சுரங்கம் அமைத்திருக்கின்றனர். அத்தகைய சுரங்கங்களில், அரைத்த கழிவைச் சிமெண்டோடு குழைத்து, தாது எடுத்த வெற்றிடத்திலேயே திரும்ப நிரப்பும் முறை உண்டு.