எட்டும் தூரமும் நம்பும் தூரமும்



இந்த அமர்வுக்குத் தலைமை ஏற்கும்படி அமைப்புக் குழுவினர் கேட்டபோது மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் சேர்ந்தே வந்தது. இத்துறையில் என்னைவிட ஆழமாகப் போனவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் முன் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும் என்ற தயக்கம் இன்னும் முழுதாக நீங்கவில்லை. ஆனாலும் கருத்தரங்கு தருமபுரியில் என்றதும் மறுக்க மனம் வரவில்லை.

வெவ்வேறு தொலைவிலுள்ள பொருள்களுக்கு லேசர் தொலைவு அளவீட்டை மேம்படுத்துவது நம் பொருள். ஒற்றை ஒளித்துகளையும் எண்ணும் உணரிகள், அதிர்வெண்ணை ஏற்றி இறக்கி அளக்கும் முறை, 905 நானோமீட்டரா 1550 நானோமீட்டரா என்ற பழைய வழக்கு, டோட்டல் ஸ்டேஷன்களின் கட்ட வேறுபாட்டு அளவீடு என எல்லாவற்றுக்கும் தனித்தனி அமர்வுகள் உண்டு. அவற்றை அந்தந்த வல்லுநர்களிடமே விட்டுவிடுகிறேன். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும், போய்வரும் கணக்கில் அது 15 செ.மீ. என்று தொடங்க வேண்டிய அவையும் இதுவன்று. எனக்குக் கிடைத்த நேரத்தை ஒரே ஒரு வாதத்துக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன்.

இங்கிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். பாரம் ஏற்றிய லாரிகள் நீண்ட இறக்கத்தில் வேகம் பிடிக்கின்றன. டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள்; பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடுகிறது. 2024 ஜனவரி 24 அன்று அங்கே லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றியதில் 4 பேர் இறந்தார்கள். இறக்கத்தில் வரும் லாரியின் வேகத்தை அளக்கப் பிடிக்கும் லேசர் ஸ்பீடு கன் நம் துறையின் கருவி. அதன் உள்ளே இருப்பது தொலைவு அளவிதான். தொலைவைத் திரும்பத் திரும்ப அளந்து, மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே தொலைவில் வரும் பிழை அப்படியே வேகத்தில் போய் உட்காரும்.

3 மில்லி ரேடியன் விரியும் ஒரு கற்றையை எடுத்துக்கொள்வோம். 300 மீட்டரில் அதன் அகலம் 90 செ.மீ.; நம்பர் பிளேட், பம்பர், ரேடியேட்டர் கிரில் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 15 மீட்டரில் அதே கற்றை நாலரை செ.மீ.தான். பரந்த பரப்பு என்றால் திரும்பி வரும் ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 300 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் இடையே மட்டும் 400 மடங்கு வித்தியாசம். கற்றையைவிடச் சிறிய இலக்கானால் நான்மடி. போதாததற்கு, வந்த வழியே ஒளியைத் திருப்பும் பூச்சுள்ள நம்பர் பிளேட் ஒரு பக்கம், சேறு அப்பிய பம்பர் மறுபக்கம். ஒரே சுற்று இவ்வளவையும் தாங்கியாக வேண்டும்.

நிலையான ஒரு வரம்பை வைத்து, துடிப்பு அதைத் தாண்டும் கணத்தைப் பிடிக்கும் கருவியில், வலுவான துடிப்பு சீக்கிரம் தாண்டும், பலவீனமானது தாமதிக்கும். பொருள் ஒரே இடத்தில் நின்றாலும் பளிச்சென்று இருந்தால் அருகிலும், மங்கலாக இருந்தால் தள்ளியும் காட்டும். துடிப்பின் ஏற்றம் சில நானோ விநாடி எடுத்துக்கொண்டால் இந்தச் சாய்வு 15 முதல் 30 செ.மீ. வரை போகலாம். 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி மூன்றில் ஒரு பங்கு விநாடியில் ஐந்தரை மீட்டர் நகர்கிறது. அந்த இடைவெளியில் கற்றை சேற்றுப் பரப்பிலிருந்து பிளேட்டுக்கு மெல்ல நழுவி, தொலைவு 30 செ.மீ. குறைத்துக் காட்டப்பட்டால் மணிக்கு 3 கி.மீ.க்கு மேல் கூடுதல் வேகம் பதிவாகும். எதிர்த்திசையில் நழுவினால் அதே அளவு குறையும். நூற்றுக்கணக்கான துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சராசரி சிதறலைக் குறைக்கும், ஒரே பக்கம் சாயும் பிழையைத் தொடாது.

அப்படியிருக்க, நம் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை எதை மேம்பாடு என்கின்றன? கருவி எட்டும் அதிகபட்சத் தூரத்தை. முன்பு 150 மீட்டர், இப்போது 250 மீட்டர் என்பதே சாதனையாக எழுதப்படுகிறது. அதைச் செய்த உழைப்பை நான் மதிக்கிறேன். கண்ணுக்குப் பாதுகாப்பான வரம்பைத் தாண்டாமல் தூரத்தைக் கூட்டுவது எளிதல்ல. ஆனால் தூரத்துக்காக உணர்திறனை ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள பொருளிடம் கருவி திணறுகிறது. அந்தத் திணறல் அட்டவணையில் வருவதேயில்லை.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே எழுதி வைக்கப்பட்ட ஒரு விடை இருக்கிறது. சந்திரயான்-1இல் பறந்த நிலவுத் தொலைவு அளவியைப் பற்றி, ஜே. ஏ. கமலாகரும் டி. கே. அலெக்ஸ் உள்ளிட்ட உடன் ஆசிரியர்களும் 2005இல் எழுதிய கட்டுரை அது. கருவியை உருவாக்கியது பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மின்-ஒளியியல் அமைப்புகள் ஆய்வகம். 1064 நானோமீட்டர் நியோடிமியம் யாக் லேசர், 10 மில்லி ஜூல் துடிப்பு, 17 செ.மீ. ஏற்பு ஒளியியல், சிலிக்கான் அவலாஞ்சி டையோடு. இவற்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் சுட்ட விரும்புவது வேறொன்றை. அதில் ஒன்றல்ல, நான்கு கான்ஸ்டன்ட் ஃபிராக்‌ஷன் டிஸ்கிரிமினேட்டர்களை வைத்தார்கள். துடிப்பு எவ்வளவு உயரமானாலும் அதன் உயரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கை எட்டும் கணத்தைப் பிடிக்கும் சுற்று அது. பளிச்சிட்டாலும் மங்கினாலும் நேரம் அவ்வளவாக நகராது. நான்கு இருந்ததால் தொலைவோடு தரையின் சரிவையும் கணிக்க வழி கிடைத்தது. வலுவைக் கூட்டுவதைவிட நேரத்தைச் சரியாகப் பிடிப்பதில் கவனம் வைத்த வடிவமைப்பு இது. சாலைக் கருவிகளைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் இதைத் தேடித் தேடி ஏமாந்திருக்கிறேன்.

மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்பொரு கருத்தரங்கில் இதற்கு மறுப்புச் சொன்னார். விண்கலம் ஒரே உயரத்தில் சுற்றுகிறது, ஆகவே தொலைவு மாறும் சிக்கலே அதற்குக் கிடையாது, சாலைக்கு அது பாடமாகாது என்றார். அவருடைய புலமையை வணங்கியே மூன்று உண்மைகளை முன்வைக்கிறேன். நிலவின் கருஞ்சமவெளியும் வெளிர் மேட்டுநிலமும் ஒரே அளவு ஒளியைத் திருப்புவதில்லை. பிளேட்டும் பம்பரும் தரும் அதே சிக்கல்தான். அடுத்து, 2009 மே மாதம் அந்தக் கலத்தின் சுற்றுப்பாதை 100 கி.மீ.யிலிருந்து 200 கி.மீ.க்கு உயர்த்தப்பட்டது, தொலைவு இரட்டித்தால் திரும்பும் ஒளி நான்கில் ஒரு பங்கு. மூன்றாவது, சந்திரயான்-3. 2023 ஆகஸ்ட் 23 அன்று அதன் தரையிறங்கு கலமான விக்ரம் 30 கி.மீ. உயரத்தில் இறங்கத் தொடங்கியது. 150 மீட்டரில் சற்று நின்று இடம் பார்த்துத் தரை தொட்டது. அதன் உயர அளவிகளில் லேசர் ஒன்று, கா-பட்டை ரேடியோ அலை ஒன்று. வேகத்துக்கென்று லேசர் டாப்ளர் கருவியும் தனியாகச் சேர்க்கப்பட்டது. ஒரே கருவி எல்லாத் தொலைவுக்கும் போதும் என்று அதை வடிவமைத்தவர்கள் நம்பவில்லை. தொலைவிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டால் போதும் என்றும் விட்டுவிடவில்லை.

மென்பொருள் பக்கமிருந்து வரும் இன்னொரு நம்பிக்கையையும் தொட வேண்டும். எவ்வளவு பிழை வந்தாலும் இயந்திரக் கற்றல் பின்னால் திருத்திவிடும் என்கிறார்கள். ஓரளவுக்கு ஏற்கிறேன். துடிப்பின் அகலத்தைப் பார்த்துச் சாய்வைத் திருத்துவது பழைய, நல்ல முறை. அதைக் கற்றல் வழிமுறைகள் இன்னும் நுட்பமாக்கலாம். ஆனால் உணரி செறிவடைந்து துடிப்பின் தலை வெட்டுப்பட்ட பிறகு உச்சத்தின் உருவம் தரவில் இல்லை. இல்லாததை மென்பொருள் ஊகிக்கலாம், அளக்க முடியாது. ஓர் ஓட்டுநருக்கு அபராதம் விதிக்கும் எண் ஊகமாக இருப்பதை நான் ஏற்க மாட்டேன். அதே ஊகம் எதிர்த்திசையில் தவறி, பிரேக் இழந்த லாரியைத் தப்பவிட்டால் கீழே வரிசையில் நிற்கும் கார்களுக்கு என்ன பதில்?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ, ஸ்பீடு கன் உள்ளிட்ட மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. அந்தச் சான்றிதழில் எந்தெந்தத் தொலைவில், எத்தகைய பரப்பின் மீது, எந்தச் சாய்வுக் கோணத்தில் சோதித்தார்கள் என்பதும் இடம்பெற வேண்டும் என்று கேட்க நமக்குத் தகுதி இருக்கிறது. கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

அதற்கு முன் நம் வீட்டை ஒழுங்குசெய்வோம். நாளை மாலை நிறைவு அமர்வில் ஒரு தீர்மானத்தை முன்மொழியப் போகிறேன். இனி இந்தக் கருத்தரங்கில் வாசிக்கப்படும் கட்டுரை எதுவும் அதிகபட்சத் தொலைவை மட்டும் தந்து நிற்கக் கூடாது. அருகு, நடு, தூரம் என மூன்று நிலைகளிலாவது, பளிச்சிடும் பரப்பிலும் மங்கிய பரப்பிலும், பிழை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைத் தர வேண்டும். இதை ஏற்காத நண்பர்கள் அதே அமர்வில் எழுந்து மறுத்துப் பேசும்படி அழைக்கிறேன். ஏற்பவர்கள் கை உயர்த்தி ஆதரவு தாருங்கள்.