ஒரு கிள்ளுக் குங்கிலியம்



உரோமப் பேரரசு பல சமயங்களைப் பொறுத்த அரசு என்பர். பொறுத்தது மெய்யே, எவ்விலைக்கு? கி.பி. 250 அளவில் பேரரசன் தெசியசு, குடிகள் தெய்வங்கட்குப் பலியிட்டு, அதனைச் சுவைத்து, அலுவலரிடம் சான்றுச்சீட்டுப் பெறல் வேண்டுமென ஆணையிட்டான். என்றும் தெய்வங்களை வழிபட்டு வந்ததாக எழுதிய அச்சீட்டுகள் எகிப்து மணலிலிருந்து கிடைத்துள்ளன. உள்ளம் எதை நம்பினும் அரசுக்குக் கவலையில்லை. கை பணிந்தாற் போதும். அது வழிபாடன்று, அரசுப் பற்றுக்குச் சூளுரை! பொருள் கொடுத்துச் சீட்டு மட்டும் பெற்றோரும் உளர். கையூட்டு அத்துணைப் பழையது.

1855-இல் நியூமன் எழுதிய 'காலிசுடா' என்னும் ஆங்கிலப் புதினம் இக்காலத்ததே. வட ஆப்பிரிக்காவின் சிக்கா நகரில் சிலை செய்யும் கிரேக்க நங்கை காலிசுடா. கிறித்தவள் என்று ஐயுற்றுச் சிறையிடுகின்றனர். அவளோ அன்று கிறித்தவளே அல்லள்! ஒரு கிள்ளுக் குங்கிலியம் இட்டால் வீடு திரும்பலாம். உடன்பிறந்தான் மன்றாடுகிறான். நம்பாத தெய்வத்திற்கு இடேன் என்கிறாள். திருமுழுக்குப் பெற்றது பிறகுதான், சிறைக்குள்ளே.